விராலை விட்டு அயிரை பிடிக்கிறோம்



பதிவு நீளம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூக்கம் வராமல் உட்கார்ந்து எழுதியது. இரண்டு வரி படித்துவிட்டு "அருமை சார்" என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பிலும் அவர்கள் அப்படித்தான்.

போன புதன்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஊர்க் கண்மாயில் இந்த வைகாசியில் மீன்பிடித் திருவிழா. நல்ல செய்திதான். ஆனால் இந்த வருடம் ஒரு புதுத் தீர்மானம். மடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தையும் மோட்டார் வைத்து இறைத்து, ஒன்று விடாமல் பிடித்துவிடுவது. மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் 2 லட்சம் மீன்குஞ்சு வாங்கி விட்டுவிடுவது. நான் "அந்தப் பள்ளத்தை மட்டும் தொடாதீர்கள்" என்று எழுதினேன். அதற்கு என் தங்கை மகன், இன்ஜினியர், எழுதிய பதில் இது: "மாமா, சும்மா பயமுறுத்தாதீங்க. பெரிய மீன் போனா சின்ன மீன் வரும். கிலோ கணக்கு ஒண்ணுதானே? இயற்கை தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கும்." அதற்குப் பதினோரு பேர் கைதட்டல் பொம்மை. அதில் நான்கு பேர் என்னிடம் விலங்கியல் படித்தவர்கள்! அந்தக் கைதட்டலுக்குத்தான் இந்தப் பதிவு.

அயிரையைத் தூண்டிலில் மாட்டி விராலைப் பிடிக்கிறது என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. சின்னதைக் கொடுத்துப் பெரியதை வாங்குவது. நாம் இப்போது அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். விராலையும் வாளையையும் விட்டுவிட்டு அயிரையையும் ஜிலேபியையும் வாங்கிக்கொண்டு, கிலோ சரியாக இருக்கிறது என்கிறோம். (அயிரை மீன் குழம்பை நான் குறை சொல்லவில்லை. மதுரைக்காரன் அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.)

முதலில் கிலோ கணக்கைப் பார்த்துவிடுவோம். மாப்பிள்ளை, நீ இன்ஜினியர், கணக்கு உனக்குப் பிடிக்கும்.

1932இல் மாக்ஸ் கிளைபர் என்பவர் பல விலங்குகளின் எடையையும் அவை ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். எடை இரண்டு மடங்கானால் சாப்பாடும் இரண்டு மடங்காகும் என்றுதானே நாம் நினைப்போம்? ஆகவில்லை. எடையின் முக்கால் அடுக்கில்தான் செலவு கூடுகிறது. கரும்பலகையில் நான் போடும் கணக்கு சிலருக்காவது நினைவிருக்கும். 20 கிராம் சுண்டெலி, 4 டன் யானை. எடையில் யானை 2 லட்சம் சுண்டெலிக்குச் சமம். ஆனால் யானைக்கு வேண்டிய சக்தி சுமார் 9,500 சுண்டெலிக்கு வேண்டியதுதான். ஒரு யானையை எடுத்துவிட்டு அதே எடைக்குச் சுண்டெலியை விட்டால், கிலோ ஒன்றுதான், சாப்பாட்டுச் செலவோ இருபது மடங்கு.

இதையே கண்மாய்க்குள் கொண்டு வா. 10 கிலோ மீன் ஒன்று. 10 கிராம் மீன் ஆயிரம். தராசில் இரண்டும் சமம். கிளைபர் கணக்கில் அந்த ஆயிரம் குட்டி மீன்களுக்கு ஐந்தரை மடங்கு தீனி வேண்டும். மீன்களில் அந்த அடுக்கு முக்காலைவிடக் கொஞ்சம் கூடும் என்பதால் மடங்கு குறையும், ஒத்துக்கொள்கிறேன். எப்படிக் குறைத்துப் போட்டாலும் இரண்டு மடங்குக்குக் கீழே வராது. அந்தத் தீனி எங்கிருந்து வரும்? கண்மாயிலிருந்துதான். தின்றதில் பெரும்பகுதி மூச்சாகவே போய்விடும், சதையாக நிற்காது. பெரிய மீன் என்பது ஆறேழு வருடத் தீனி ஒரு உடம்பில் சேர்ந்து நிற்பது. பத்தாயத்தில் நெல் இருப்பது மாதிரி. குட்டி மீன் கூட்டம் என்பது தினக்கூலி. மழை வந்த வருடம் பெருகும், வராத வருடம் ஒன்றுமிருக்காது.

இது வெயிலைக் கணக்கில் சேர்க்காதபோது. இனி வெயில்.

காளவாசலில் குடியிருந்துகொண்டு வெயிலைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல! பெயரே சூளைதானே. இந்த ஊரில் ஒரு காலத்தில் சூளை எரிந்தது, இப்போது சூளை இல்லாமலே எரிகிறது. ஆனால் நமக்கு வெயில் என்பது தோலுக்கு வெளியே. உடம்பு உள்ளே 37 டிகிரியில் நிற்கும், ஃபேன் உண்டு, மோர் உண்டு. மீனுக்கு அப்படியில்லை. தண்ணீர் என்ன சூடோ அதுதான் அதன் ரத்தத்தின் சூடு. போன மே மாதம் மதியம் 3 மணிக்கு மாடக்குளம் கண்மாய்க் கரையோரம் முழங்கால் தண்ணீரில் என் பழைய ஆய்வகத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 36 டிகிரி. பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் "காய்ச்சலா சார் கண்மாய்க்கு?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார்.

குளிர்ரத்தப் பிராணிக்குச் சூடு 10 டிகிரி ஏறினால் உடம்பின் செலவு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது. அதே நேரம் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிடித்துவைக்கும். 30இல் ஏழரை. 35இல் 7. பசி ஏறுகிறது, மூச்சு குறைகிறது. விடியற்காலையில் கண்மாயிலும் தெப்பக்குளத்திலும் மீன் செத்து மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுத்துவிடும், விடியும் முன்புதான் அளவு மிகக் குறைந்திருக்கும். அப்போது முதலில் வாயைப் பிளப்பது பெரிய உருப்படிதான். மீன்பண்ணை வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் வகுப்பில் சரியாகச் சொல்லித் தரவில்லை. சூட்டில் வளரும் மீன், பூச்சி, புழு, இறால் எல்லாம் சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் பருவத்துக்கு வந்து, சின்ன உடம்போடு நின்றுவிடுகின்றன. 1994இல் அட்கின்சன் என்பவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பத்தில் எட்டுக்கு மேல் இப்படித்தான் இருந்தது. 2012இல் ஃபார்ஸ்டர் என்பவரும் அதே அட்கின்சனும் சேர்ந்து இன்னொரு கணக்குப் போட்டார்கள். ஒரு டிகிரி ஏறினால் தரையில் வாழும் பிராணியின் உடம்பு சராசரியாக அரை சதவீதம் குறைகிறது. தண்ணீரில் வாழ்வதற்கு 5 சதவீதம். பத்து மடங்கு. ஏன் இப்படி என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. உடம்பு பெருக்கிற வேகத்துக்குச் செவுள் பெருப்பதில்லை, அதனால் ஆக்சிஜன் போதவில்லை என்று டேனியல் பாலி சொல்கிறார். செவுளை அளந்து பார்த்த வேறு சிலர் அது சரியில்லை என்கிறார்கள். இயற்கை நீர்நிலையில் எல்லா இனமும் ஒழுங்காகச் சுருங்குவதுமில்லை, சில எதிர்ப்பக்கமாகவும் போகின்றன. சண்டை நடக்கட்டும். மொத்தத்தில் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் அதிகச் சந்தேகம் இல்லை. 2009இல் ஐரோப்பியக் கடலிலும் ஆற்றிலும் பார்த்த மூன்று பேர், பூமி சூடானால் லாபம் சின்னவற்றுக்குத்தான் என்றே தங்கள் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள்.

உடனே அடுத்த செய்தி வரும் என்று தெரியும். "இந்தியாவில் 1901லிருந்து 2018 வரைக்கும் ஏறினதே 0.7 டிகிரிதானே மாமா?" ஆமாம். அது நாட்டின் சராசரி. முழங்கால் ஆழத்துக்கு மண் மூடிப்போன, கரையில் மரமில்லாத கண்மாய்க்கு அந்தச் சராசரி எதையும் சொல்லாது. ஆழம் போனால் தண்ணீர் காற்றோடு சேர்ந்து காயும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள், காற்று அடித்துக் கரைக்குத் தள்ளிவிட்டது. உலகமே சிரித்தது, நானும் சிரித்தேன். இப்போது எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. தண்ணீர் மேலே வெயில் படாமல் இருக்க வேண்டும் என்ற யோசனையாவது அதில் இருந்தது. நாம் கண்மாய்க் கரையில் நின்ற நாவலையும் மருதத்தையும் வெட்டி விற்றோம். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இதில் என்னோடு மண்வெட்டி பிடித்தவர்கள் பலர் இந்தப் பதிவைப் படிப்பார்கள்.

1994. பள்ளி முகாம். ஊர் பெயர் வேண்டாம். கொசு ஒழிப்பு என்று சொல்லி அந்த ஊர் ஊருணியில் வாளி வாளியாகக் கம்பூசியா மீன் கொட்டினோம். கொசுமீன் என்று பேர். 1928இல் இந்தியாவுக்கு வந்தது, விரல் நீளம்கூட இருக்காது. கொசுப் புழுவைத் தின்னும் என்பது உண்மை. நான் கரையில் நின்று பெருமையாக உரையாற்றினேன், பையன்கள் கைதட்டினார்கள். அந்த ஊருணித் தண்ணீரை அதற்கு முன் நான் குடித்திருக்கிறேன். கொஞ்சம் கலங்கல், ஆனால் பச்சை இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தால் அரைத்த கீரை மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள் மழை சரியில்லை என்றார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தது. 1972லேயே கலிபோர்னியாவில் மூன்று பேர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். கம்பூசியா விட்ட தொட்டியில் தண்ணீர் பச்சையானது, விடாத தொட்டி தெளிவாக இருந்தது. காரணம் இதுதான். தண்ணீரில் டாப்னியா மாதிரி, வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிற பூச்சிகள் இருக்கும். அவை பாசியை வடிகட்டித் தின்று தண்ணீரைத் தெளியவைப்பவை. மீன் கண்ணால் பார்த்துப் பொறுக்கும். எனவே பெரிய பூச்சியைத்தான் முதலில் பொறுக்கும். பெரியவை போய்ச் சின்னவை மிஞ்சும். பெரிய பூச்சி சின்னப் பாசித் துணுக்கையும் தின்னும், பெரிய துணுக்கையும் தின்னும். சின்னப் பூச்சிக்குப் பெரிய துணுக்கு வாயில் நுழையாது. இதை 1965லேயே புரூக்ஸ், டாட்சன் என்ற இருவர் அமெரிக்க ஏரிகளில் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நான் அதைப் படிக்காமலே வாளியைத் தூக்கினேன்.

பூச்சி இனம் அழியவில்லை, கவனியுங்கள். எண்ணிப் பார்த்தால் பூச்சிகள் ஒருவேளை முன்பைவிட அதிகமாகவே இருந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். அதில் ஓர் ஊரின் குடிதண்ணீர் போயிற்று.

அப்படியிருக்கும்போது "பெரிய மீன் போனால் சின்ன மீன் வரும்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா? பெரிய மீனும் சின்ன மீனும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வாளையும் விராலும் குட்டி மீனைத் தின்பவை. குட்டி மீன் கட்டுக்குள் இருந்தால் பூச்சி பிழைக்கும், பூச்சி பிழைத்தால் பாசி அடங்கும், பாசி அடங்கினால் விடியற்காலையில் மூச்சு மிஞ்சும். மேலே இருப்பவனை எடுத்துவிட்டால் கீழே வரிசையாக எல்லாம் மாறும். சூடு ஏற ஏறக் குட்டிகளின் பசியும் ஏறும். ஏற்கெனவே அவை கிலோவுக்கு அதிகம் தின்பவை என்று மேலே கணக்குப் போட்டோம்.

ஜிலேபிக் கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். திலாப்பியா. 1952இல் நாட்டுக்குள் வந்தது. இன்று தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்கள் பலவற்றில் வலையில் விழுவதில் பெரும் பங்கு அதுதான். நெருக்கடியிலும் சூட்டிலும் அது உள்ளங்கை அளவிலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும். எங்கள் ஊர்க் கண்மாயில் இப்போது கிடைப்பது அதுதான், முள்ளும் தோலும். கிலோ கணக்கு மட்டும் நன்றாக இருக்கிறது.

"விராலுக்குக் காற்றையே சுவாசிக்கத் தெரியும், ஆக்சிஜன் குறைந்தால் அதற்கென்ன?" என்று என்னிடம் நன்றாகப் படித்த ஒருவன் கேட்பான். சரியான கேள்வி, முழு மதிப்பெண். விரால் மூச்சுத் திணறிச் சாகவில்லை. அது பெருக்கும் முன்பே கண்மாய் வற்றிவிடுகிறது, வற்றாமல் மிஞ்சும் பள்ளத்தில் ஒதுங்கினால் நாம் போய்ப் பிடித்துவிடுகிறோம். குஞ்சு பொரித்த விராலைப் பார்த்திருக்கிறீர்களா? செக்கச் செவேலென்று குஞ்சுக் கூட்டம் மேலே கொதிக்கிற மாதிரி நெளியும், கீழே பெரிய மீன் காவல் நிற்கும். அந்தச் செந்நிறத்தைப் பார்த்துத்தான் தூண்டில்காரன் காவல் மீனைக் குறிவைக்கிறான். மிச்சக் குஞ்சுகளை ஜிலேபி பார்த்துக்கொள்ளும். வாளைக்கு இந்தக் காற்று மூச்சு வசதியும் கிடையாது. அது இன்று உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா ஒரு வாளை பிடித்தார். கிழவன் நினைவில் எல்லா மீனும் பெரிதாகத்தான் இருக்கும், நானே நம்பமாட்டேன். ஆனால் அப்பா அன்று அதை நிலைக்கதவில் நிறுத்திவைத்து, மூக்குக்கும் வாலுக்கும் கரியால் கோடு போட்டு, பிறகு அரிவாளால் கீறிவைத்தார். ஊர் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கீறலில் கைவைத்துப் பார்த்திருக்கிறீர்கள். போன பொங்கலுக்கு டேப் வைத்து அளந்தேன். 4 அடி 2 அங்குலம். அதன் கீழே என் அண்ணன் மகன் சென்ற வருடத் திருவிழாவில் கிடைத்த மிகப் பெரிய மீனுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறான். அது தரையிலிருந்து என் முழங்காலுக்குக்கூட வரவில்லை. வீட்டில் எல்லோரும் அதைக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

2 லட்சம் குஞ்சு விட்டால் போதும் என்கிறீர்களே, அந்தக் கணக்கையும் பார்ப்போம். 2018இல் வந்த ஓர் ஆய்வு, 300க்கும் மேற்பட்ட கடல்மீன் இனங்களில் தாயின் எடைக்கும் முட்டைக்கும் உள்ள உறவைப் பார்த்தது. அட்லாண்டிக் காட் மீனில் 30 கிலோ தாய் ஒன்று, 2 கிலோ தாய்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடுகிறது. 28 தாயின் எடை 56 கிலோ! 30 கிலோ ஒன்று 56 கிலோவைத் தோற்கடிக்கிறது. பள்ளத்தில் மிஞ்சியிருக்கும் ஐந்தாறு பெரிய உருப்படிகளைத்தான் நீங்கள் மோட்டார் வைத்து இறைத்துப் பிடிக்கப் போகிறீர்கள். அவைதான் காசில்லாத குஞ்சுப் பண்ணை.

கடலில் என்ன நடந்தது என்று கேரளத்தைப் பாருங்கள். மத்தி 2012இல் சுமார் 4 லட்சம் டன் கிடைத்தது. 2021இல் 3,500 டன்கூட இல்லை. கடல் சூடு, மழை, எல் நினோ, அளவுக்கு மீறிப் பிடித்தது என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்து இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். 10 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் உண்டு. நல்லதுதான். ஆனால் குட்டியை விடு என்று சொல்லும் சட்டம் மட்டும் போதாது, பெரியதையும் விடு என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மெய்ன் என்ற மாநிலத்தில் சிங்கி இறால் பிடிப்பவர்கள் மிகச் சின்னதையும் விட வேண்டும், மிகப் பெரியதையும் விட வேண்டும். அளவுகோல் வைத்து ஓட்டை அளந்து, மீறினால் கடலில் போட வேண்டும். பல பத்தாண்டுகளாக அப்படித்தான் பிழைப்பு நடத்துகிறார்கள்.

இந்தத் தலை எண்ணும் புத்தி மீனோடு நிற்பதில்லை. சாலைக்காகப் புளியமரத்தை வெட்டுகிறோம், ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுவோம் என்கிறோம். நானே எத்தனை கன்று விழாவில் தலைமை தாங்கியிருக்கிறேன், போட்டோ இருக்கிறது. 2014இல் 403 மர இனங்களை அளந்து பார்த்தவர்கள் கண்டது, மரம் பெருக்கப் பெருக்க ஒரு வருடத்தில் அது சேர்க்கும் எடையும் கூடிக்கொண்டே போகிறது என்பதுதான். பெரிய மரம் ஒன்று ஒரே வருடத்தில் ஒரு நடுத்தர மரத்தின் மொத்த எடையைச் சேர்த்துவிட முடியும். கிழட்டு மரம் சும்மா நிற்கிறது என்று நினைத்தோமே! நம் காளவாசல் சந்திப்பில் மதியம் 2 மணிக்குப் பஸ்ஸுக்கு நின்று பாருங்கள். பத்துக் கன்றின் நிழலில் ஒரு பூனை நிற்கலாம்.

"பெரிய மீன்தானே வேண்டும் மாமா, ஆப்பிரிக்கக் கெளுத்தி விட்டுவிடலாமே, ஆறு மாதத்தில் கிலோ கணக்கில் வளரும்" என்று இன்னொருவர் குழுவில் எழுதியிருந்தார். அய்யா, அது தடை செய்யப்பட்ட மீன். கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கும், ஒன்றையும் விட்டுவைக்காது. பெரிய உடம்பு என்று நான் சொல்வது இந்தக் கண்மாயோடு சேர்ந்து வளர்ந்த பெரிய உடம்பை.

திருவிழாவே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது பொய். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு ஊரே இறங்குகிற அந்தக் காட்சிக்காக நான் லீவு போட்டு வந்தவன். அன்று ஒரு நாள் எல்லார் வீட்டிலும் மீன் மணக்கும், காசு கொடுத்து வாங்க முடியாத வீட்டிலும். கோயில் கணக்குக்கும் நாலு காசு சேரும். அதில் கைவைக்க நான் யார்?

நான் கேட்பது கொஞ்சம்தான். பள்ளத்தை இறைக்க வேண்டாம். மடையிலிருந்து ஐம்பதடிக்கு ஒரு கயிறு கட்டி, அதற்குள் யாரும் ஊத்தா போட வேண்டாம். கயிற்றுக்கு வெளியே வலையில் முழங்கை நீளத்துக்கு மேல் விராலோ வாளையோ மாட்டினால் அதைப் பள்ளத்தில் விட்டுவிட வேண்டும். வாளை மாட்டினால் எனக்குப் போன் செய்யுங்கள், நான் ஆட்டோ பிடித்தாவது வருவேன். குஞ்சு வாங்க வைத்திருக்கும் பணத்தில் பாதியைப் பள்ளத்தில் மண் எடுத்து ஆழப்படுத்தச் செலவு செய்யலாம். ஆழத்தில்தான் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும். மேற்குக் கரையில் மருதமும் நாவலும் வைக்கலாம், மாலை வெயில் அந்தப் பக்கம்தான். நிற்கிற இரண்டு பழைய கருவேலத்தை இந்த வருடம் ஏலத்தில் சேர்க்கக் கூடாது.

இதனால் முதல் வருடம் ஊருக்கு மீன் குறையும். உண்மை, மறைக்கவில்லை. இரண்டாம் வருடமும் குறையலாம். மழை பொய்த்தால் பள்ளமே காய்ந்து எல்லாம் வீணாகவும் போகலாம். அப்போது என்னைக் குழுவில் வைத்துக் கேலி செய்யுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை 10 மணிக்குச் சாவடியில் கூட்டம். நான் ஆரப்பாளையத்திலிருந்து 7 மணி பஸ்ஸில் வருகிறேன். மாப்பிள்ளை, நீ வீடியோ காலில் வந்து பேசு, கைதட்டல் பொம்மை மட்டும் அனுப்பாதே. ஊரில் இருக்கும் என் மாணவர்கள் ஐந்து பேராவது வந்து உட்காருங்கள். தனிக்கிழவன் பேச்சு அங்கே எடுபடாது. அண்ணன் மகனே, கூட்டத்துக்கு வருகிறவர்களை முதலில் நம் வீட்டுக்குக் கூட்டிவந்து நிலைக்கதவைக் காட்டு. டேப் பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது.